மணவிருந்தும் பிற்பகல் தேநீரும்

திருமண வீட்டிலிருந்து திரும்பி வருவோரை வழியிற் கண்டவர் முதலிற் கேட்பது என்ன? மணமக்கள் எவ்வாறு இருந்தனர் என்பதன்று. சாப்பாடு எப்படி என்பதே. இவ்வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியது என எண்ண வேண்டா. உலகெங்கும் மணம் என்றால் விருந்து. விருந்து என்றால் மணம். அப்படியிருக்க, உண்டாட்டுக்குக் குறைவில்லாத இங்கிலாந்து நாட்டில், மணநாளன்று முழு விருந்தை விட்டுவிட்டு, ஒரு கிண்ணம் தேநீரும் சில சிற்றுண்டிகளும் தந்து விருந்தினரை வழியனுப்பும் முறை தோன்றியது. தோன்றியதோடு நில்லாது மதிப்புடைய வழக்கமாகவும் வேரூன்றியது. அஃது எவ்வாறு நேர்ந்தது? யார் அதனை வேண்டினர்? அதனால் விளைந்த நன்மை யாது? இவற்றை இன்று ஆராய்வோம். வரலாறு கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆதலின் சிறியதொரு வழக்கத்தைக் கொண்டு பெரியதொரு பாடத்தைச் சொல்ல முற்படுவது என் இயல்பு, பொறுத்தருள்க.

முதலில் பழைய முறையைக் காண்போம். ஆங்கிலேயர் தம் மணவிருந்தை 'வெட்டிங் பிரேக்பாஸ்ட்' என வழங்குவர். பிரேக்பாஸ்ட் என்பது காலையுணவு. பல வகை இறைச்சியும் மதுவும் பழமும் இனிப்பும் நிறைந்த பெருவிருந்துக்குக் காலையுணவு என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்? இதற்கு விடை சமையலறையில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை 1604-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, மணம் காலை எட்டு மணிக்கும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் இடையிலேயே நடைபெற வேண்டும். மறைவாகவும் இரவிலும் மணம் முடித்து ஏமாற்றுவோரைத் தடுப்பதற்குப் பகல் வெளிச்சமும் ஊரார் கண்களும் வேண்டியிருந்தன. 1823-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியை மேலும் இறுக்கிற்று. காண்டர்பரித் தலைமைப் பேராயரின் தனி உரிமம் இல்லாமல் இந்நேரத்திற்குப் புறம்பாக மணம் செய்து வைத்த குருவுக்குப் பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை என்று அச்சட்டம் கூறியது. நேரந்தவறிய ஒரு மணத்திற்கு இத்தனை கொடிய தண்டனையா என்று நீங்கள் வியக்கலாம். மண உறவைச் சார்ந்தே சொத்துரிமையும் குழந்தைகளின் நிலையும் அமைந்திருந்தமையால், அக்காலத்தார் இதனைச் சிறிய குற்றமாகக் கருதவில்லை.

இதன் விளைவு யாது? காலையில் மணம் முடிந்தால், நண்பகலையொட்டி அனைவர்க்கும் பசி எடுக்கும். ஆகவே முழு உணவு இன்றியமையாததாயிற்று. செல்வர் இல்லங்களில் இவ்விருந்து மிகப் பெரிதாக வளர்ந்தது. 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் நடந்த விக்டோரியா அரசியாரின் திருமணத்தில் வைத்த ஒரு கேக் மட்டும் ஏறக்குறைய 300 பவுண்டு எடை கொண்டது எனின், மற்றவற்றை நீங்களே உய்த்துணரலாம். அரசர் செய்வதைப் பிரபுக்களும், பிரபுக்கள் செய்வதை வணிகரும், வணிகர் செய்வதை எழுத்தர்களும் தத்தம் ஆற்றலுக்கு மீறியே பின்பற்ற முயல்வது எந்நாட்டிற்கும் பொதுவான இயல்பன்றோ?

இனித் தேநீரின் கதைக்கு வருவோம். தேநீர் ஆங்கிலேயரிடையே பரவியதற்கும் ஒரு திருமணம் துணைநின்றது என்பது சுவையான செய்தி. 1662-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் போர்ச்சுகல் நாட்டு இளவரசி காதரீனை மணந்தார். பம்பாய்த் தீவு ஆங்கிலேயருக்குச் சீதனமாகக் கிடைத்தது இம்மணத்தினாலேயே. தேநீர் அருந்தும் பழக்கமுடைய அவ்வம்மையார் அரண்மனை மகளிரிடையே அதனைப் பரப்பினார். ஆயினும் நெடுங்காலம் தேயிலை செல்வர் பொருளாகவே இருந்தது. பெட்டியிற் பூட்டி வைத்துத் திறவுகோலை இல்லத் தலைவி தன்னிடமே வைத்துக்கொள்வாள். 1784-ஆம் ஆண்டில் பிரதமர் பிட் தேயிலை வரியை நூற்றுக்கு 119 என்ற அளவிலிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்தார். கள்ளக் கடத்தல் ஒழிந்தது, விலை இறங்கியது, குடிசையிலும் தேநீர் கொதிக்கத் தொடங்கியது.

பிற்பகலில் தேநீர் அருந்தும் வழக்கம் 1840-ஐ ஒட்டித் தோன்றியது. பெட்போர்டுக் கோமகள் அன்னா மரியா என்பவரே அதனைத் தொடங்கினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. முற்காலத்தில் நண்பகலை அடுத்து உண்ட பேருணவு, காலப்போக்கில் இரவு ஏழு எட்டு மணிக்குத் தள்ளிப் போயிற்று. நடுப்பகல் உணவோ எளியது. இடையிலுள்ள நெடும்பொழுதில் தோன்றும் சோர்வை நீக்கத் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் வந்து சேர்ந்தன. பின்னர்த் தோழியரை அழைத்து உரையாடும் சிறுகூட்டமாக அது மலர்ந்தது.

இதே காலத்தில் மற்றொரு பக்கமிருந்தும் தேநீருக்கு ஆதரவு கிடைத்தது. 1832-ஆம் ஆண்டில் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி உள்ளிட்ட எழுவர் மதுவை அறவே விலக்குவதாக உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். அவ்வியக்கம் தொழிலாளரிடையே பரவியது. மது இல்லாமற் கூடிக் களிக்க முடியும் என்று காட்டுவதற்கு அவர்கள் பெரிய பெரிய தேநீர்க் கூட்டங்களை நடத்தினர். வாரக் கூலியை மதுக்கடையில் இழந்த குடும்பங்களுக்குத் தேநீர் ஒரு பானம் மட்டுமன்று. அது ஒரு விடுதலை. இவ்வாறு, மேன்மக்களின் வரவேற்பறையும் தொழிலாளரின் கூட்ட மண்டபமும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கிண்ணத்தை உயர்த்தின.

ஆயினும் தேநீர் திருமணத்திற்குள் நுழைய ஒரு தடை இருந்தது. அது யாதெனின், முன்னர்க் கூறிய பன்னிரண்டு மணிச் சட்டமே. காலையில் முடியும் மணத்திற்குப் பிற்பகல் தேநீர் எங்ஙனம் பொருந்தும்? 1886-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சிறு சட்டம் இயற்றி, மணம் முடிக்கும் நேரத்தைப் பிற்பகல் மூன்று மணி வரை நீட்டியது. விருந்தைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் அது விருந்தையே மாற்றிவிட்டது! இரண்டு அல்லது இரண்டரை மணிக்குத் திருமணம் என்றால், அழைக்கப்பட்டோர் தத்தம் வீட்டில் நடுப்பகல் உணவை முடித்துக்கொண்டே வருவர். மணம் முடிந்து வீடு சேரும்போது மணி மூன்றரை அல்லது நான்கு. அது தேநீர் வேளை. ஆகவே பெருவிருந்துக்குத் தேவையே இல்லாது போயிற்று. நாகரிகக் குடும்பங்கள் சிறிது சிறிதாகப் பழைய காலை விருந்தைக் கைவிட்டுத் தேநீர் வரவேற்பை மேற்கொண்டன. 1934-ஆம் ஆண்டில் மணநேரம் மாலை ஆறு மணி வரை நீட்டப்பட்டது. 2012-இல் நேரக் கட்டுப்பாடே இங்கிலாந்திலும் வேல்சிலும் நீக்கப்பட்டது. இன்றும் 'வெட்டிங் பிரேக்பாஸ்ட்' என்ற பெயர் மட்டும் நிற்கிறது. மாலையில் உண்டாலும் அதற்குக் காலையுணவு என்றே பெயர்! பொருள் போனபின்னும் சொல் நிலைத்திருப்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இத்தேநீர் வரவேற்பு நடைபெறும் முறையைச் சற்று நோக்குவோம். முழு விருந்துக்கு எல்லாரும் ஒரே வேளையில் அமர வேண்டும். அதற்கு நாற்காலியும் மேசையும் பரிமாறுவோரும் வேண்டும். சுவையான உணவு சூடாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். இடையிடையே மதுவும் வேண்டும். தேநீர் வரவேற்பிலோ, மெல்லிய வெள்ளரித் துண்டுகள் வைத்த சாண்ட்விச், ஸ்கோன் எனப்படும் சிறு அப்பம், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கிரீமும் பழ ஜாமும், பின்னர்ச் சிறு கேக்குகள் ஆகியவையே உணவு. இவற்றுட் பெரும்பாலானவற்றை அன்று காலையிலோ முன்னாளிலோ செய்து வைத்துவிடலாம். அவ்வேளையில் அடுப்பில் இருக்க வேண்டியது கொதிநீர் ஒன்றே. தேநீர்ப் பாத்திரத்தை முதலில் வெந்நீரால் சூடாக்கி, இலையிட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். விருந்தினர் நின்றும் அமர்ந்தும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவர். மணமக்கள் ஒவ்வொருவரிடமும் சென்று இரண்டு சொற்கள் பேச முடிகிறது. வரிசையில் எவர் முன், எவர் பின் என்ற பூசலுக்கும் இடமில்லை.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. 'டீ' என்ற ஒரே சொல் எல்லாரிடத்தும் ஒரே பொருள் தருவதில்லை. ஆங்கிலத் தொழிலாளர் இல்லங்களில் அச்சொல் வேலை முடிந்தபின் உண்ணும் மாலையுணவைக் குறித்தது. ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் அதில் உண்டு. ஆகவே செல்வர் வீட்டுத் தேநீர் வயிற்றுக்கு ஓர் இடைத்தாங்கல். தொழிலாளர் வீட்டுத் தேநீரோ வயிறார உண்ணும் உணவு. பெயரைக் கேட்டு மட்டும் ஒரு வழக்கத்தை எடைபோடுவது தவறு.

இரண்டாம் உலகப்போர் இவ்வழக்கத்தை வேறொரு தளத்திற்குக் கொண்டு சென்றது. 1940-ஆம் ஆண்டு ஜனவரியில் சர்க்கரையும் வெண்ணெயும், ஜூலையில் தேயிலையும் பங்கீட்டின்கீழ் வந்தன. தேயிலை ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்சு, அதாவது ஏறத்தாழ 57 கிராம். இப்பொழுது நான் ஒரு கணக்குப் போடுகிறேன்; நீங்களும் உடன் போடுங்கள். ஐம்பது விருந்தினருக்கு ஆளுக்கு இரண்டு கிண்ணம் எனில் 100 கிண்ணம். கிண்ணத்திற்கு இரண்டு கிராம் வீதம் 200 கிராம் தேயிலை வேண்டும். இது ஏறக்குறைய மூன்றரைப் பேரின் ஒரு வாரப் பங்கு. இதனை ஒரு குடும்பம் வயிற்றைக் கட்டியேனும் சேமிக்கலாம். கேக்குக்கு வேண்டிய சர்க்கரையும் வெண்ணெயும் உலர்பழமும் அங்ஙனம் எளிதிற் சேரா. ஆகவே உறவினரும் அண்டை வீட்டாரும் தம் பங்கிலிருந்து சிறிது சிறிதாகக் கொடுத்து உதவினர். அவ்வாண்டிலேயே கேக்கின்மீது சர்க்கரைப் பூச்சிடுதல் தடைசெய்யப்பட்டது. மக்கள் என்ன செய்தனர்? அட்டையாற் செய்து வெண்மை பூசிய அடுக்குக் கேக் உருவத்தைக் கடையில் வாடகைக்கு எடுத்து, அதன் உள்ளே உண்மையான சிறு கேக்கை வைத்து, நிழற்படம் எடுத்துக்கொண்டபின் உறையைத் தூக்கிவிட்டுச் சிறு கேக்கை அறுத்துப் பங்கிட்டனர்.

போர் முடிந்தும் வறுமை முடியவில்லை. போர்க்காலத்திற் கூடப் பங்கீடு செய்யப்படாத ரொட்டி, 1946 முதல் 1948 வரை பங்கீட்டில் இருந்தது. 1947-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடந்தபோது, ஒன்பதடி உயரக் கேக்குக்கு வேண்டிய பொருள்கள் ஆஸ்திரேலிய நாட்டு மகளிர் சாரணியரிடமிருந்து வந்தன. தேயிலைப் பங்கீடு 1952 அக்டோபரிலும், சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரிலும், எஞ்சிய உணவுப் பங்கீடு 1954 ஜூலையிலும் ஒழிந்தன. இப்பதினான்கு ஆண்டுகளில் தேநீரும் சில துண்டு ரொட்டியும் கொண்டு மணம் முடித்தவர் எண்ணற்றோர். அம்மணங்கள் எவ்வகையில் குறைந்தன? அண்டை வீட்டார் தம் வாய்ப்பங்கைக் கொடுத்து நடத்திவைத்த மணத்தைக் காட்டிலும் பெரிய மணம் எது?

இவ்விடத்தில் நம் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1886-க்குப் பிந்திய அத்திருமணத் தேநீர் எங்கிருந்து சென்றது? பழங்காலத்தில் சீனத்திலிருந்து. 1880-களின் இறுதியில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை முந்திற்று. இலங்கையில் காப்பிச் செடியைப் பூஞ்சை நோய் அழித்தபின், 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைநாடெங்கும் பரவியது. அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர் யார்? மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் சொற்கேட்டுக் கடல்கடந்து, காட்டுவழி நடந்து சென்ற நம் ஏழைத் தமிழ் மக்களே. அவ்வழியில் நோயால் மாண்டவர் பலர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது. இலண்டன் நகரத்து மணமகளின் கையிலிருந்த மெல்லிய பீங்கான் கிண்ணத்திற்குள், லயத்து வீட்டுப் பெண்ணொருத்தியின் விடியற்காலை உழைப்பும் இருந்தது. எளிய விருந்து என்று நாம் சொல்லும்போது, யாருக்கு எளிது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிண்ணத்தை ஏந்துவோரின் செலவு குறைந்தது. கொழுந்து கிள்ளுவோரின் வாழ்வோ எளிதாகவில்லை.

இனி, தேநீர் வரவேற்பு முழு விருந்துக்கு ஈடாகுமா என்ற வினாவை நடுநிலையோடு ஆராய்வோம். எதிர்க்கட்சியின் வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். நெடுந்தொலைவிலிருந்து பசியோடு வந்தவருக்கு இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் தேநீரும் தருவது அறமாகுமா? ஆகாது. ஆண்டு முழுதும் அரைவயிறு உண்ணும் ஏழைக்கு மணவிருந்து ஒன்றே வயிறார உண்ணும் நாள் எனின், அதனை ஒழிப்பது சீர்திருத்தமாகுமா? அதுவும் ஆகாது. சிக்கனம் என்ற பெயரால் பிறர் பசியைப் புறக்கணிப்பது கருமித்தனத்தின் மறுபெயரே.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒரு நாள் விருந்துக்காகக் கடன் வாங்கி, அக்கடனுக்கு வட்டி கட்டுவதிலேயே இளமையைக் கழிக்கும் மணமக்களை நினைத்துப் பாருங்கள். அவ்விருந்தை உண்டவருள் ஒருவரேனும் அவ்வட்டியிற் பங்கு கொள்வாரா? மகளின் படிப்புக்கு வைத்த பொருளை மகளின் விருந்திற் கரைத்துவிட்டால், ஊரார் புகழ்ச்சி எத்தனை நாள் நிற்கும்? எதிர்காலத்தையே ஈடுவைத்து ஒரு நாளின் பெருமையை வாங்குவது அறிவுடைமையாகாது.

ஆகவே, தேநீர் வரவேற்பு நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதனினும், எப்பொழுது அது முறையாகும் என்று கேட்பதே சிறந்தது. ஆங்கிலேயரின் அனுபவத்திலிருந்து நான்கு நெறிகளைக் காணலாம். முதலாவது, நேரப் பொருத்தம். உணவு வேளையில் அழைத்துச் சிற்றுண்டி கொடுத்தல் பிழை. இரு வேளைகளுக்கு இடையில் அழைத்தல் முறை. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் உதவியது இவ்வழியிலேயே. இரண்டாவது, முன்னறிவிப்பு. இன்னது கிடைக்கும் என்பதை அழைப்பிதழிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், வருவோர் ஏமாற்றமடையார். மூன்றாவது, சமத்துவம். பெரியவருக்கு உள்ளறையில் பெருவிருந்தும் மற்றவருக்கு வெளியில் தேநீரும் என்றால், அது எளிமையன்று, இழிவு செய்தல். தொலைவிலிருந்து வந்த முதியோர்க்கும் குழந்தைகட்கும் உணவளிப்பது மட்டும் இதற்கு விலக்கு. நான்காவது, நோக்கம். மிஞ்சிய பொருள் மணமக்களின் வாழ்வுக்குப் பயன்பட வேண்டும். வேறோர் ஆடம்பரத்திற்குத் திருப்பிவிடப்படலாகாது.

இந்நான்காம் நெறி ஏன் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. சிக்கனத்திற்கு வழிசெய்த அதே தேநீர், இன்று பெருநகர உணவு விடுதிகளில் வெள்ளித் தட்டுகளிலும் மூன்றடுக்குத் தாங்கிகளிலும் அமர்ந்து, சாதாரணமான பகலுணவினும் மிகுந்த விலைக்கு விற்கப்படுகிறது. எளிமையும் ஆடம்பரமாக வேடமிட வல்லது. வழக்கத்தின் உருவை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டால் நேர்வது இதுவே.

மாணவ நண்பர்களே, நம் மொழியில் 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பது. புதிதாக வந்தவருக்கு அது பெயராயிற்று. பின்னரே அவருக்கு இடும் உணவையும் குறித்தது. ஆகவே, வருபவரே விருந்து. இலையில் இடுவது அவருக்குச் செய்யும் சிறப்பு. இம்முறைமையை மறவாதிருந்தால், தேநீரோ பெருவிருந்தோ எதுவும் குறையுடையதாகாது.

ஒரு வழக்கம் வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒரு கால அட்டவணை, ஒரு வரிக்குறைப்பு, ஒரு செடி நோய், ஒரு போர் என்னும் இத்தகைய காரணங்களால் அது தோன்றி மாறுகிறது என்பதை இன்று கண்டோம். மனிதர் ஆக்கியதை மனிதர் திருத்தலாம். நாளை உங்கள் இல்லத்தில் மணப்பேச்சு எழும்போது, 'ஊரார் என்ன சொல்வர்?' என்ற வினா முதலில் வரும். அப்பொழுது தாள் ஒன்றை எடுத்து, வரவையும் செலவையும் எழுதி, கடனுக்குரிய வட்டியையும் கணக்கிட்டுப் பெற்றோர் முன் பணிவோடு வையுங்கள். கணக்கைப் பார்த்தபின் அவர்கள் எம்முடிவு செய்யினும், அது கண்ணைத் திறந்துகொண்டு செய்த முடிவாக இருக்கும். கற்ற பிள்ளைகள் தம் வீட்டிற்குச் செய்யத்தக்க உதவி அதுவே.